குஸ்தி, சிலம்பம், துப்பாக்கி! புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் நடத்திய சண்டைப் பள்ளிக்கூடம்

1910-ஆம் ஆண்டின் கடைசி. புதுச்சேரிக்குள் தாடி வைத்த முஸ்லிம் ஒருவர் வந்து சேர்ந்தார்.

ஊருக்குள் யார் வந்தாலும் ஏற இறங்கப் பார்க்க ஆள் இருந்த காலம் அது. ரெயில் நிலையத்தில் இங்கிலீஷ் சர்க்காரின் சி.ஐ.டி. தெரு முனையில் சி.ஐ.டி. திண்ணையில் தூங்குவது போல் படுத்திருப்பவரும் சி.ஐ.டி. அத்தனை பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு அந்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

அவர் முஸ்லிம் அல்ல. திருச்சி வரகனேரி வேங்கடேச ஐயரின் மகன் சுப்பிரமணியம். சுருக்கமாக வ.வே.சு. ஐயர். அப்போது வயது 29.

பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் அவரைச் சிறுகதை முன்னோடி என்று படித்திருப்பீர்கள். "குளத்தங்கரை அரசமரம்" எழுதியவர் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் காலத்துப் புதுச்சேரி வாலிபர்களுக்கு அவர் வேறு ஆள். அவர்களுக்கு அவர் வாத்தியார். சண்டை வாத்தியார்!

வக்கீல் எப்படி வாத்தியார் ஆனார்?

ஐயர் பிறந்தது 1881 ஏப்ரல் 2. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.ஏ. லத்தீன் மொழியும் படித்தார். பிளீடர் பரீட்சை தேறினார். திருச்சியில் கொஞ்ச நாள் கோர்ட்டுக்குப் போனார். பிறகு ரங்கூன். அங்கிருந்து 1907-இல் லண்டன். பாரிஸ்டர் ஆகவேண்டும், கைநிறையச் சம்பாதிக்க வேண்டும். போகும்போது அவ்வளவுதான் ஆசை. டான்சு, சங்கீதம், நல்ல கோட்டு என்று துரைமார் வாழ்க்கைக்குத் தயாராகத்தான் போனார்.

லண்டனில் இந்தியா ஹவுஸ் என்று ஒரு மாணவர் விடுதி. ஹைகேட் பகுதியில் இருந்தது. சாப்பாட்டுக்காக அங்கே நுழைந்தவர் சாவர்க்கரைப் பார்த்தார். ஆள் அடியோடு மாறிவிட்டார். மாமிச உணவு வாடையே இல்லாத அந்த வரகனேரி வீட்டுப் பிள்ளை வெடிகுண்டைப் பற்றியும் கெரில்லாப் போரைப் பற்றியும் படிக்க ஆரம்பித்தார். இத்தாலியின் கரிபால்டி, பிரான்சின் நெப்போலியன் இவர்கள்தான் அவருக்கு இஷ்ட தெய்வங்கள்.

அந்த நாள் லண்டனையும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊர் முழுக்க ஜப்பான் ஜுஜுட்சு மோகம் பிடித்து ஆட்டியது. யூகியோ டானி என்ற குள்ளமான ஜப்பான்காரர் நாடகக் கொட்டகை மேடையில் ஏறி, தன்னைப் போல் இரண்டு மடங்கு இருந்த பயில்வான்களை மடக்கி மடக்கிப் போட்டார். ஓட்டுரிமை கேட்டுப் போராடிய வெள்ளைக்காரப் பெண்கள்கூட போலீஸ் பிடியிலிருந்து திமிறி வர ஜுஜுட்சு கற்றார்கள். 1908 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஜாக் ஜான்சன் என்ற நீக்ரோ வீரர் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து பறித்தார். வெள்ளைக்காரனுக்கும் அடி விழும், அவனும் கீழே சாய்வான் என்பதை உலகம் பார்த்தது.

இந்தியா ஹவுஸ் வாலிபர்கள் துப்பாக்கியைத் தேடிப் போனார்கள். லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் காசு கொடுத்துக் குறிபார்த்துச் சுடும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே நாள் கணக்கில் பழகிய மதன்லால் திங்ரா 1909 ஜூலை 1-ந் தேதி கர்சான் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுத் தள்ளினார். திங்ராவுக்குத் தூக்கு. இந்தியா ஹவுசைப் போலீஸ் சுற்றி வளைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் ஒரு தசரா விருந்து வைத்தார்கள். தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒல்லியான குஜராத்தி வக்கீல் ஒருவர் முன்னதாகவே வந்து மாணவர்களோடு சமையல் வேலையில் இறங்கிவிட்டார். விருந்துக்குத் தலைவரே அவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்தான் காந்தி. சாவர்க்கரும் ஐயரும் அந்த விருந்தில் இருந்தார்கள். அடித்தால்தான் விடுதலை என்ற கட்சியும் அடிக்காமலே விடுதலை என்ற கட்சியும் ஒரே பந்தியில் சாப்பிட்டன.

சர்தார்ஜி வேடம்

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். அடுத்தது ஐயர்தான் என்று வாரண்டு வந்தது. பாரிஸ்டர் பட்டம் கைக்கு எட்டும் நேரம். ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொல்லும் பட்டம் எனக்கு வேண்டாம் என்று தூக்கி எறிந்தார். தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, சீக்கியர் வேடத்தில் கிளம்பினார்.

பெட்டியில் வி.வி.எஸ். என்ற எழுத்துகள் இருந்தன. கேட்டவர்களிடம் தம் பெயர் வீர விக்ரம் சிங் என்று சொல்லித் தப்பினார். கெட்டிக்காரத்தனம் என்றால் அது!

பாரிஸ் போனார். அங்கே காமா அம்மையாரின் உதவி. சாவர்க்கரை ஏற்றி வந்த கப்பல் 1910 ஜூலை 8-ந் தேதி மார்சேல்ஸ் துறைமுகத்தில் நின்றபோது சாவர்க்கர் கடலில் குதித்து நீந்திக் கரை ஏறினார். அவரை ஏற்றிக்கொள்ள காமா அம்மையாரும் ஐயரும் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. கொஞ்ச நேரம் பிந்திவிட்டது. அதற்குள் பிடித்துவிட்டார்கள். அந்தமான்! அந்தச் சில நிமிடம் ஐயர் மனதில் முள்ளாகத் தைத்தது என்று அவர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பிறகுதான் முஸ்லிம் வேடம். பல நாடு சுற்றி, கொழும்பு வழியாகப் புதுச்சேரி.

ஊருக்குள்ளே சிறை

புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர். பாரதியார் 1908-இலேயே வந்துவிட்டார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-ந் தேதி வந்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் இங்கேதான். இங்கிலீஷ் போலீஸ் இந்த மண்ணில் கை வைக்க முடியாது.

ஆனால் எல்லை எங்கே? முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது இங்கிலீஷ் மண். காலாற நடந்தால் போய்விடலாம். ராத்திரி நாலு பேர் சேர்ந்து ஒரு ஆளைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வண்டியில் போட்டு அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் கதை முடிந்தது. வாரண்டு தயாராகக் காத்திருந்தது.

இது வெறும் பயம் அல்ல. அரவிந்தரைத் தூக்கிக்கொண்டு போக உள்ளூர் ஆசாமி ஒருவர் ஆள் சேர்த்தார். அரவிந்தர் வீட்டு வாலிபர்கள் திராவகப் பாட்டிலை வைத்துக்கொண்டு வாசலில் காவல் இருந்தார்கள். கடைசியில் அந்த ஆசாமி மீதே வேறு விவகாரத்தில் வாரண்டு பிறந்து, அவரே ஊரைவிட்டு ஓடினார்!

1911-இல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. வெளியூர்க்காரர்கள் தங்க வேண்டுமானால் ஊரில் மதிப்புள்ள 5 பேர் கையெழுத்துப் போட வேண்டும். கலவை சங்கர செட்டியார் ஓடியாடி 5 கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துகள் இல்லாவிட்டால் பாரதியாரின் புதுச்சேரிப் பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

அதுவும் பலிக்கவில்லை என்றதும் ஒற்றர்கள் வேறு வேலை செய்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடியைப் போட்டார்கள். உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள், காளி படம், வங்காளி எழுத்து. தண்ணீர் இறைத்தபோது ஜாடி வாளியோடு மேலே வந்துவிட்டது. போலீஸ் வந்து தோண்டி எடுப்பதற்கு முன் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்பது அரவிந்தரின் யோசனை. அப்படியே செய்தார்கள். வீட்டைச் சோதனை போட வந்த பிரெஞ்சு மாஜிஸ்டிரேட்டு அரவிந்தர் மேஜையில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து அசந்துபோய்த் திரும்பினார்.

இப்படிப்பட்ட ஊரில் உடம்பை எப்படிச் சும்மா வைத்திருக்க முடியும்?

தர்மாலயம்

தர்மாலயம் என்று ஒரு வீடு. பெயரைக் கேட்டால் மடம் போல் இருக்கும். உள்ளே வாலிபர் கூட்டம். குஸ்தி, சிலம்பம், குறிபார்த்தல் என்று ஐயர் அவர்களைத் தயார் செய்தார்.

புதுச்சேரிக்கு இது புதிதும் அல்ல. இங்கே கொட்டடிகள் இருந்தன. சிலம்பமும் குஸ்தியும் சொல்லிக் கொடுக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். பிற்காலத்தில் பாரதிதாசன் ஆன கனகசுப்புரத்தினம் வாலிபத்தில் கம்பு சுற்றியவர், குஸ்தி போட்டவர். பாரதியாரை அவர் முதன்முதல் கண்டது கொட்டடி வாத்தியார் வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில்தான்.

கொட்டடிப் பயிற்சி லேசுப்பட்டதல்ல. விடியும் முன்னே எழுந்திருக்க வேண்டும். தண்டால், பஸ்கி. நூறு, இருநூறு என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பிறகு கரலாக்கட்டை. கட்டையைச் சுழற்றுவது பார்க்க அழகு. ஆனால் தோளும் மணிக்கட்டும் வலுப்பது அதில்தான். குத்துச்சண்டைக்காரன் மணல் மூட்டையைக் குத்துகிறானே, அவனுக்கும் பலம் வருவது முஷ்டியில் அல்ல, தோளிலும் இடுப்பிலும்தான்.

சிலம்பம் பழக வந்தவன் கையில் முதல் நாளே கம்பு கொடுக்கமாட்டார்கள். முதலில் காலடி. முன்னே வை, பின்னே வாங்கு, பக்கத்தில் திரும்பு. இதையே மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பொறுமை இல்லாத பையன்கள் பாதியில் ஓடிப்போவார்கள். காலடி பழகியவனுக்குக் கம்பு தானே பேசும். கயிறு தாண்டிக் குதிக்கும் மேல்நாட்டுக் குத்துச்சண்டைக்காரனும் பழகுவது இதே காலடியைத்தான். அடிக்கிற கை எல்லோருக்கும் இருக்கிறது. அடி விழுமுன் அங்கிருந்து நகர்ந்துவிடும் கால்தான் பழக்கத்தில் வருவது.

கோதாவில் இறங்கினால் வேறு பாடம். எதிராளியின் பலத்தை அவன் மேலேயே திருப்பிவிட வேண்டும். அவன் தள்ளினால் இழு. இழுத்தால் தள்ளு. லண்டன் மேடையில் ஜப்பான்காரர் காட்டியதும் அதுவே, நம் ஊர் மண்ணில் பயில்வான்கள் புரண்டதும் அதுவே.

துப்பாக்கிக்கோ உடம்பை ஆட்டாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். மூச்சைப் பிடித்து, கையை ஊன்றி, குதிரையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். கை நடுங்குகிறவன் பத்தடியிலும் தவறவிடுவான். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கிலீஷ் சீமையில் லைசென்சு இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தால் ஜெயில். அந்தச் சட்டம் பிரெஞ்சு மண்ணில் செல்லாது. ஐயர் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் இதுவும் ஒரு லாபம்.

வங்காளத்திலும் அப்போது இதே கதைதான். அனுசீலன் சமிதி என்ற பெயரில் ஊர் ஊராக அக்காடா வைத்து லத்திச் சண்டை பழகினார்கள். பார்ப்பவர்களுக்கு அது தேகப்பயிற்சிக் கழகம். உள்ளே நடந்தது புரட்சி. வெள்ளைக்காரன் இந்தியர்களை, முக்கியமாகப் படித்தவர்களை, தொடை நடுங்கிகள் என்று கேலி பேசினான். புத்தகமும் கையுமாக இருந்தவர்கள் கோதாவில் இறங்கியதற்கு அந்தக் கேலியும் ஒரு காரணம். ஐயரும் புத்தகமும் கையுமாக இருந்தவர்தான். கம்பனைப் படித்துவிட்டுக் கையைக் கழுவாமல் கம்பை எடுப்பார் என்று சொல்லலாம்.

மணியாச்சி

1911 ஜனவரி. செங்கோட்டை வாஞ்சி, புனலூர் காட்டு இலாகாவில் வேலை பார்த்த வாலிபர், 3 மாத லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். புதுச்சேரி வந்தார். ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார். 1918-இல் வெளிவந்த ரௌலட் கமிட்டி அறிக்கையில் இந்த விவரம் இருக்கிறது.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். ரெயில் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தம் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பயணம். வாஞ்சி பெட்டிக்குள் ஏறினார். சுட்டார். ஆஷ் சாய்ந்தார். வாஞ்சி ஓடிப்போய்க் கக்கூசுக்குள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு செத்தார். வயது 25.

வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்ததற்கும் சுதேசிக் கப்பல் கம்பெனியைக் கவிழ்த்ததற்கும் பழிக்குப் பழி என்று நாடே பேசியது. வீரம் இல்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் கோதாவில் எதிராளிக்கும் கை காலைத் தூக்க ஒரு வாய்ப்பு உண்டு. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. துப்பாக்கிப் பயிற்சிக்கும் மற்றப் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தென்னாடு முழுக்கப் போலீஸ் வலை வீசியது. நீலகண்ட பிரம்மச்சாரி முதல் எதிரி. 7 ஆண்டு சிறை. ஐயரைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று விளம்பரம். புதுச்சேரியில் ஐயர் வீட்டு வாசலில் ஒற்றர் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. அவரைப் பார்க்க வருகிற வாலிபர்களும் குறைந்தார்கள். வந்தால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்ற பயம்.

எம்டன் போட்ட குண்டு

1914 செப்டம்பர் 22. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டு ஓடியது. பழி புதுச்சேரியில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. இவர்களை ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யுங்கள் என்று இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனை நெருக்கினான்.

ஐயர் என்ன செய்தார் தெரியுமா? திருக்குறளை எடுத்து உட்கார்ந்தார். 1330 குறளையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் செத்தாலும் இது ஒன்று நிற்கட்டும் என்று எண்ணம். 1916-இல் புத்தகம் வந்தது. நாடு கடத்தல் நடக்கவில்லை. கம்ப நிலையம் என்று பெயர் வைத்துப் புத்தகங்கள் போட்டார். "மங்கையர்க்கரசியின் காதல்" கதைத் தொகுதி வந்தது. மனைவி பாக்கியலட்சுமி அம்மாளும் பிள்ளைகளும் கூடவே கஷ்டப்பட்டார்கள். வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

பத்து ஆண்டு பழகிய கைக்கு ஒரு சண்டை வரவில்லை. வந்ததெல்லாம் காத்திருப்புதான்.

யுத்தம் முடிந்தது. மன்னிப்பு அறிவிப்பு வந்தது. 1920-இல் ஐயர் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார்.

துப்பாக்கியைக் கீழே வைத்தார்

வெளியே போய்ப் பார்த்தால் நாடு வேறு மாதிரி இருந்தது. தசரா விருந்தில் சமையல் வேலை செய்த அந்த ஒல்லி மனிதர் பின்னால் லட்சக்கணக்கில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் கம்புகூட இல்லாமல்! ஐயர் காந்தி கட்சியில் சேர்ந்தார். துப்பாக்கி வழி வேண்டாம் என்று முடிவு செய்தார். பத்து ஆண்டு பழகியதைக் கீழே வைப்பது சுலபமான காரியமா? ஆனாலும் வைத்தார்.

சென்னையில் "தேசபக்தன்" பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 1921-இல் ராஜத்துரோக வழக்கு. 9 மாதம் சிறை. லண்டனிலும் பாரிசிலும் பிடிபடாத ஆளை ஒரு கட்டுரைக்காகச் சென்னையில் பிடித்தார்கள்! பெல்லாரி ஜெயிலில் உட்கார்ந்து கம்பராமாயணத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுதினார்.

வெளியே வந்ததும் மறுபடி வாத்தியார் வேலைதான். 1922-இல் திருநெல்வேலிச் சீமையில் குருகுலம் தொடங்கினார். பிறகு அது சேரன்மாதேவிக்குப் போயிற்று. படிப்போடு கைத்தொழில், பயிர் வேலை, தேகப்பயிற்சி. தர்மாலயத்தில் துப்பாக்கி இருந்த இடத்தில் இங்கே மண்வெட்டி இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கேதான் அவருக்குப் பெரிய அடி விழுந்தது. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. பெற்றோர் நிபந்தனை என்றார் ஐயர். காங்கிரஸ் பணம் 5000 ரூபாய் வாங்கிய இடத்தில் பந்தி பேதமா என்று பெரியார் ஈ.வெ.ரா.வும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. காந்தி சமரசம் செய்யப் பார்த்தார். தீரவில்லை. தமிழ்நாடு காங்கிரசே இரண்டாகப் பிளந்தது. லண்டன் போலீசுக்கு அசையாத மனிதர் ஒரு பந்தி விஷயத்தில் வழுக்கினார். 1925-இல் குருகுலப் பொறுப்பை விட்டு விலகினார்.

பாபநாசம்

1925 ஜூன் மாதம். குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் மலைக்குப் போனார். மகள் சுபத்திராவும் மகன் கிருஷ்ணமூர்த்தியும் கூட வந்தார்கள். மேலே கல்யாண தீர்த்தம். பாறைகளுக்கு நடுவே தாமிரவருணி சுழித்து இறங்கும் இடம். பார்க்க அமைதியாக இருக்கும். இறங்கினால் விடாது.

ஓடையைத் தாண்டப் போன சுபத்திரா தவறி விழுந்துவிட்டாள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஐயர் குதித்தார்.

சின்னப் பையன் கிருஷ்ணமூர்த்தி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனாரும் அக்காளும் மேலே வரவில்லை. ஐயருக்கு வயது 44.